ட்ரெய்ட் மாற்றுவதற்கு முன்: கில்டு வார்ஸ் 2-இல் சொந்தமாக ஒரு பில்டு கட்டுவது எப்படி?

கில்டு வார்ஸ் 2 என்ற இணைய விளையாட்டில் எங்கள் கில்டில் (வீரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுவில்) புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போன மாதம் கேட்டான்: "அண்ணா, ரீப்பர்ல டேமேஜே வரமாட்டேங்குது. நெர்ஃப் பண்ணிட்டாங்களா?"

ரீப்பர் என்பது நெக்ரோமேன்சர் என்ற பாத்திர வகையின் ஒரு பிரிவு; நெர்ஃப் என்றால் விளையாட்டை உருவாக்கியவர்கள் அதன் வலுவைக் குறைப்பது. அவனுடைய பில்டை, அதாவது பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்த ட்ரெய்ட், கவசம் எல்லாம் சேர்ந்த தொகுப்பை, அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ட்ரெய்ட் (பாத்திரத்துக்கு நாம் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பலன்கள்) எல்லாம் நேரடியாக வெட்டிச் சாய்ப்பதற்கானவை. உடம்பில் போட்டிருந்ததோ முழுக்க வைப்பர் கவசம். அது எதிரியின் உடம்பில் ரத்தக்கசிவு, நஞ்சு போன்றவற்றை ஏற்றி மெதுவாகக் கொல்லும் முறைக்கானது. இரண்டு வேறு பில்டுகளை இரண்டு வேறு நாட்களில் பார்த்து, ஒன்றிலிருந்து ட்ரெய்ட்டையும் மற்றதிலிருந்து கவசத்தையும் எடுத்திருக்கிறான். யாரும் எதையும் நெர்ஃப் செய்யவில்லை.

இந்த விளையாட்டில் எந்த ஸ்பெஷலைசேஷன் (ட்ரெய்ட்களின் தொகுப்பு) நல்லது, எந்த ட்ரெய்ட்டை மாற்றியது தவறு என்று வீரர்களுக்குள் ஓயாமல் வாதம் நடக்கும். புதிதாக வருபவர்கள் அதைக் கேட்டே குழம்பிப் போகிறார்கள். உங்கள் பில்டில் ஒவ்வொரு ட்ரெய்ட்டும் எதற்காக இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் அந்த வாதத்தில் பாதி தானாகவே புரிந்துவிடும். அந்த இடத்துக்கு எப்படி வருவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு நான் அதிகம் ஆடிய நெக்ரோமேன்சரை எடுத்துக்கொள்கிறேன். மற்ற எட்டு கிளாஸ்களுக்கும் (பாத்திர வகைகளுக்கும்) வழி இதேதான்.

படி 1: பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விளையாட்டுக்குள் எச் விசையை அழுத்தி, பில்டு பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் அடிப்படையாக ஐந்து ஸ்பெஷலைசேஷன் உண்டு. நெக்ரோமேன்சருக்கு ஸ்பைட், கர்ஸஸ், டெத் மேஜிக், பிளட் மேஜிக், சோல் ரீப்பிங். இவற்றில் ஒரே நேரத்தில் மூன்றைத்தான் போட முடியும். முதல் இடம் 21-ஆம் நிலையில் திறக்கும், இரண்டாவது 45-இல், மூன்றாவது 71-இல்.

ஒவ்வொரு ஸ்பெஷலைசேஷனிலும் மூன்று சிறிய ட்ரெய்ட்கள் தாமாகவே வேலை செய்யும். பெரிய ட்ரெய்ட்கள் ஒன்பது. அவை மூன்று வரிசைகளாக நிற்கும். ஒரு வரிசைக்கு ஒன்று என்று நீங்கள் எடுக்க வேண்டும். ஆக மூன்று ஸ்பெஷலைசேஷனுக்கும் சேர்த்து நீங்கள் எடுக்கும் முடிவு ஒன்பது.

ஒன்பதுதானே என்று தோன்றும். ஒரு ஸ்பெஷலைசேஷனுக்குள்ளேயே 27 வழி, மூன்றுக்கும் 19,683 வழி. ஐந்திலிருந்து மூன்றைப் பொறுக்கும் பத்து வழியையும் பெருக்கினால் 1,96,830. எல்லாவற்றையும் யாரும் ஆடிப் பார்க்க முடியாது. அதனால்தான் எங்கிருந்து தொடங்குவது என்பது முக்கியம்.

அப்புறம் எலைட் ஸ்பெஷலைசேஷன். இவை விரிவாக்கங்களோடு வந்தவை: நெக்ரோமேன்சருக்கு 2015-இல் ரீப்பர், 2017-இல் ஸ்கர்ஜ், 2022-இல் ஹார்பிஞ்சர், 2025-இல் ரிச்சுவலிஸ்ட். எலைட்டை மூன்றாவது இடத்தில் மட்டுமே வைக்க முடியும். முழுதாகத் திறக்க 250 ஹீரோ பாயின்ட் வேண்டும். முதலில் 400 என்றுதான் வைத்திருந்தார்கள். வீரர்கள் பலமாக முறையிட்ட பிறகு 2015-லேயே 250 ஆக்கினார்கள். 2015, 2017 விரிவாக்கங்களின் நிலப்பகுதிகளில் ஒரு ஹீரோ சவாலுக்குப் பத்துப் பாயின்ட் கிடைக்கும். 25 சவால் முடித்தால் ஒரு எலைட் கையில்.

படி 2: செலவழிக்கும் முன் இலவசமாக ஆடிப் பாருங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. திரையின் மேலே குறுக்கு வாள் படம் ஒன்று இருக்கும். அதன் வழியாக ஹார்ட் ஆஃப் த மிஸ்ட்ஸ் என்ற பிவிபி (வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டம்) கூடத்துக்குப் போகலாம். அங்கே உங்கள் கேரக்டர் 80-ஆம் நிலையில் நிற்கும். அடிப்படை ட்ரெய்ட், ஸ்கில் எல்லாம் திறந்தே இருக்கும். விரிவாக்கம் வாங்கியிருந்தால் அதன் எலைட்டும் சேர்த்து. அடித்துப் பழக பொம்மைகளும் உண்டு.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அங்கே உங்கள் கவசத்தின் எண்கள் செல்லாது. ஆகவே எவ்வளவு டேமேஜ் வருகிறது என்று பார்க்க வேண்டாம். ரீப்பரின் பெரிய வாள் மெதுவாக வீசுவது உங்களுக்குப் பிடிக்கிறதா, ஷ்ரௌடுக்குள், அதாவது நெக்ரோமேன்சர் சிறிது நேரம் எடுக்கும் நிழல் உருவத்துக்குள், போய் வருவது கைக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நாம் ஆடும் பதிப்பின் சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கின்றன. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆடும்போது பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) அதிகம் என்பதால், நொடிக்கு நாலு விசை தட்ட வேண்டிய பில்டுகள் நமக்குக் கொஞ்சம் சிரமம். ரீப்பரை நான் புதியவர்களுக்குச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: ட்ரெய்ட்டை ஒரு வாக்கியமாக உடையுங்கள்

எந்த ட்ரெய்ட்டை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எப்போது வேலை செய்யும்? அப்போது என்ன கொடுக்கும்?

ஸ்பைட்டில் உள்ள க்ளோஸ் டு டெத்: எதிரியின் உயிர் பாதிக்குக் கீழே போனதும் உங்கள் டேமேஜ் கூடும். பெரிய பாஸ் சண்டையில் பாதி நேரம் இது பலன் தரும். தெருவில் திரியும் சில்லறை எதிரிகளிடம் அதன் வேலை தெரிவதற்குள் அவர்கள் செத்துவிடுவார்கள். சோல் ரீப்பிங்கின் டெத் பெர்செப்ஷன்: நீங்கள் ஷ்ரௌடுக்குள் இருக்கும்போது கிரிட் அடிக்கு (இடையிடையே விழும் கூடுதல் வலுவான அடிக்கு) வலு சேர்க்கும். ஷ்ரௌடுக்கே போகாமல் வெளியில் நின்று அடிப்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

இப்போது ரீப்பரின் கடைசி வரிசைக்கு வாருங்கள். அங்கே மூன்று: பிளைட்டர்ஸ் பூன், டெத்லி சில், ரீப்பர்ஸ் ஆன்ஸ்லாட். ஆன்ஸ்லாட் ஷ்ரௌடுக்குள் நேரடி அடிக்கு உதவுவது. டெத்லி சில் எதிரியைக் குளிரில் உறைய வைக்கும்போதெல்லாம் ரத்தக்கசிவையும் ஏற்றுவது. இந்த ஒரு முடிவு உங்கள் கவசத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. ஆன்ஸ்லாட் என்றால் நேரடி அடிக்கு உதவும் பவர், பிரிசிஷன், ஃபெரோசிட்டி எண்களைக் கொடுக்கும் பெர்சர்க்கர் கவசம். டெத்லி சில் என்றால் ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு வலு தரும் கண்டிஷன் டேமேஜும் எக்ஸ்பர்டைஸும் உள்ள வைப்பர். அந்தத் தம்பி தவறியது இங்கேதான்.

ஒன்பது ட்ரெய்ட்டுக்கும் இப்படி ஒவ்வொரு வரி எழுதுங்கள். நோட்டில் எழுதினால் நல்லது. 'எப்போது' என்ற பகுதி உங்கள் ஆட்டத்தில் அடிக்கடி நடக்காத ஒன்றாக இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படி 4: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ட்ரெய்ட் மாற்றுவதற்குக் காசு இல்லை. சண்டையில் இல்லாதபோது எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். கவசம் அப்படியில்லை. பெர்சர்க்கர் எக்ஸாட்டிக் (மேல்தர) கவசத்தைச் சந்தையில் மலிவாக வாங்கலாம், வைப்பர் கிடைப்பது சிரமம். ஆகவே டேமேஜ் குறைவு என்றால் முதலில் ட்ரெய்ட்டில் கை வையுங்கள், கவசத்துக்குக் கடைசியில் வாருங்கள்.

அளந்து பார்க்க லயன்ஸ் ஆர்ச் நகரின் ஏரோட்ரோமிலிருந்து ஸ்பெஷல் ஃபோர்சஸ் பயிற்சிக் களத்துக்குப் போகலாம். 80-ஆம் நிலைக்கு வந்து விரிவாக்கமும் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. அங்கே ஒரு கோலத்தை (golem), அதாவது அடிவாங்கும் பொம்மையை நிறுத்தி, போனில் நேரம் வைத்து அடியுங்கள். மூன்று முறை அடித்து மூன்று நேரத்தையும் எழுதுங்கள். ஒரே ஒரு ட்ரெய்ட்டை மாற்றுங்கள். மறுபடி மூன்று முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கோலம் திருப்பி அடிக்காது. அதனால் உயிர் காக்கும் ட்ரெய்ட்டின் மதிப்பு இங்கே தெரியாது. அடிக்கும்போது எதிரியின் உயிரை உறிஞ்சும் பிளட் மேஜிக்கை இந்தக் கணக்கு வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். தனியாகக் காட்டில் சுற்றுபவருக்கு அதன் அருமை வேறு.

படி 5: குழுவில் உங்கள் வேலை என்ன?

குழுவோடு ஆடத் தொடங்கியதும் கேள்வி மாறும். ஐந்து பேர் கொண்ட குழுவில் குவிக்னஸ், அலாக்ரிட்டி இரண்டையும் யாராவது தர வேண்டும். முதலாவது வேலைகளைச் சீக்கிரம் முடிக்கவைக்கும்; இரண்டாவது ஸ்கில்கள் மறுபடி தயாராகும் நேரத்தைக் குறைக்கும். ஹார்பிஞ்சரின் டெத்லி ஹேஸ்ட் போன்ற ஒரே ஒரு ட்ரெய்ட் உங்களை வெறும் டேமேஜ் ஆளிலிருந்து குழுவுக்குக் குவிக்னஸ் கொடுப்பவராக மாற்றிவிடும். உங்கள் சொந்த டேமேஜ் கொஞ்சம் குறையும். அதில் வருந்த ஒன்றுமில்லை, மற்ற நால்வரின் அடி கூடுகிறது.

படி 6: பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) வந்து ட்ரெய்ட் மாறினால்

இந்த விளையாட்டு 2012 ஆகஸ்டில் வெளிவந்தபோது ட்ரெய்ட் முறையே வேறு. 80-ஆம் நிலையில் 70 புள்ளி கிடைக்கும். ஐந்து வரிசைகளில் பிரித்துப் போடலாம், ஒன்றில் அதிகபட்சம் 30. பழைய வீரர்கள் பில்டை 30/30/10/0/0 என்று எழுதுவார்கள். புள்ளி போடப் போட பவர் போன்ற எண்களும் ஏறும். மாற்ற வேண்டுமென்றால் பயிற்சியாளரிடம் காசு கட்ட வேண்டும். 2014 ஏப்ரலில் அந்தக் கட்டணம் போனது, 70 புள்ளி 14 ஆனது. ஆனால் ட்ரெய்ட்களை ஒவ்வொன்றாகத் தேடித் திறக்கவோ தங்கம் கொடுத்து வாங்கவோ வேண்டியிருந்ததால் புதியவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். 2015 ஜூன் 23 அன்றுதான் இன்றைய முறை வந்தது. புள்ளி போட்டு எண்களை ஏற்றும் முறை போனது.

இன்றும் சிலர் பழைய முறையே சுதந்திரம் என்பார்கள். கடைசி 10 புள்ளியை எங்கே போடுவது என்று யோசிப்பதில் ஒரு சுகம் இருந்தது, அது போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஒரு நல்ல ட்ரெய்ட் வேண்டுமென்றால், தேவையே இல்லாத எண்களையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. இப்போதைய முறையே நியாயமானது என்பது என் முடிவு.

2022 ஜூன் 28 பேட்ச் இன்னொரு பெரிய வாதத்தைக் கிளப்பியது. வாரியர் கிளாஸின் கொடிகள், ரேஞ்சர் கிளாஸின் ஆவிகள் போன்றவை அதுவரை வேறு யாராலும் தர முடியாத பலன்களைத் தந்தன. அதற்காகவே பத்துப் பேர் குழுவில் அவர்களுக்கு இடம் இருந்தது. அந்தத் தனிப் பலன்களை எடுத்துவிட்டார்கள். எங்கள் இடமே போச்சு என்றார்கள் ஒரு சாரார். கொடி நடவே ஆள் சேர்க்கும் நிலை ஒழிந்தது என்றார்கள் மறு சாரார். இரண்டு பக்கமும் சொன்னது உண்மை. வருத்தப்பட்டவர்கள் தங்கள் கிளாஸை நேசித்தவர்கள், அவர்களை அழுகுணிகள் என்று ஒதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, பேட்ச் குறிப்பு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? உங்கள் நோட்டில் உள்ள ஒன்பது பெயர்களை மட்டும் அதில் தேடுங்கள். கிடைத்தால் முதலில் அது எந்த ஆட்டமுறைக்கு என்று பாருங்கள். ஒரே ட்ரெய்ட்டுக்கு பிவிஇ-யில் (கணினி இயக்கும் எதிரிகளோடு மோதும் ஆட்டத்தில்) ஓர் எண்ணும் பிவிபி-யில் வேறு எண்ணும் இருக்கலாம். 2020 பிப்ரவரியில் டேமேஜைப் பெரிதாகக் குறைத்த பேட்ச் பிவிபி-க்கும், சர்வர்கள் ஒன்றோடொன்று மோதும் வேர்ல்டு வெர்சஸ் வேர்ல்டு ஆட்டத்துக்கும் மட்டும் வந்தது. அடுத்து, எண் மாறியதா, வேலையே மாறியதா என்று பாருங்கள். டெத்லி சில் ஆரம்பத்தில் குளிரே டேமேஜ் தருவதாக இருந்தது. பின்பு ரத்தக்கசிவு ஏற்றுவதாக மாறியது. இப்படி வேலை மாறினால் படி 3-இல் எழுதிய வரியைத் திருத்தி எழுத வேண்டும். எண் மட்டும் என்றால் கோலத்திடம் போய் அளந்தால் போதும்.

படி 7: வாதத்தில் சேரும்போது

"ரீப்பர் செத்துப்போச்சு" என்று எழுதினால் பதில் வராது, சண்டைதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பிவிஇ-யில் தனியாக ஆடுகிறேன். பெர்சர்க்கர் கவசம். ஸ்பைட், சோல் ரீப்பிங், ரீப்பர். க்ளோஸ் டு டெத்துக்குப் பதிலாக வேறு எதை எடுக்கலாம்?" இதற்குப் பத்து நிமிடத்தில் யாராவது உருப்படியான பதில் சொல்வார்கள். பில்டு பலகையிலிருந்தே ஒரு குறியீட்டை நகலெடுத்து அனுப்பலாம். பார்ப்பவர் அதை அப்படியே தன் பக்கம் திறந்து பார்க்கலாம்.

மாற்றத்துக்கு முன் பழைய பில்டைத் தனித் தாவலில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் வந்த வசதி இது. பில்டுக்கு மூன்று தாவல் இலவசம். நான் ஒன்றில் தனி ஆட்டம், ஒன்றில் குழு ஆட்டம் வைத்திருக்கிறேன். மூன்றாவது சோதனைக்கு மட்டும். அந்தத் தம்பியின் மூன்றாவது தாவலில் இப்போது டெத்லி சில் இருக்கிறது. வைப்பரைக் கழற்ற மனமில்லாமல் ட்ரெய்ட்டை மாற்றிக்கொண்டான். நேற்று கோலத்திடம் எடுத்த மூன்று நேரத்தையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான், கர்ஸஸை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வியோடு.