கைத்துப்பாக்கி சுட்டுக் கெடுவதில்லை, சும்மா கிடந்துதான் கெடுகிறது

ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ரிப்பேர் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். கொஞ்ச காலமாக என் மேசைக்கு வருபவர்களில் வாரிசு லைசென்ஸ் வாங்கிய பையன்கள் அதிகம். அப்பா காலமாகியிருப்பார், பீரோவில் ஒரு ரிவால்வர் இருக்கும், அதைப் பையன் பெயருக்கு மாற்றியிருப்பார்கள். அப்பாக்கள் செய்த அதே தவறுகளைப் பையன்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது, ட்ரிகரில் விரல் வைக்காமல் இருப்பது எல்லாம் இதில் கிடையாது. 2016 ஆயுத விதிகள் வந்த பிறகு லைசென்ஸ் கேட்பவர் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே அதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் பேசப்போவது துப்பாக்கியின் ஆயுளைப் பற்றி மட்டும்.

சுட்டால் தேய்ந்துவிடும் என்று பயப்படுவது

நம் பக்கம் அதிகம் பார்க்கிற கைத்துப்பாக்கி கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். வெப்ளி மார்க் 4 என்ற பழைய இங்கிலீஷ் ரிவால்வரின் அமைப்பைப் பின்பற்றிச் செய்தது. அதில் போடுகிற தோட்டா அழுத்தம் குறைவானது, குண்டு ஈயம். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்கச் சுட்டாலும் குழலுக்குள் வெட்டியிருக்கிற சுருள் வரிகள் தேயாது. 'சுட்டா வீணாப் போயிரும் அண்ணாச்சி' என்று சொல்லிப் பத்து வருடம் தொடாமல் வைத்திருப்பவருடைய ரிவால்வர்தான் முதலில் என் மேசைக்கு வருகிறது.

சினிமா ஸ்டைலில் ஒரு கையால் மூடுவது

இந்த ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கிற வகை. தோட்டாவைப் போட்டுவிட்டு, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி 'டக்' என்று மூடுவதைப் பையன்கள் எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. குழலும், தோட்டா போடுகிற சுழல் உருளையான சிலிண்டரும் சேர்ந்த மொத்த எடையும் ஒரு கீல் ஆணியிலும், தோட்டாவை அடிக்கிற சுத்தியலான ஹேமருக்கு முன்னால் இருக்கிற ஒரு பூட்டுக் கொக்கியிலும் போய் மோதும். துப்பாக்கி மொத்தத்தையும் இறுக்கிப் பிடித்திருப்பது அந்த இரண்டு இடங்கள்தான். அவை தேய்ந்தால் குழல் ஆடும். குழல் ஆடினால் சிலிண்டருக்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி கூடும், தோட்டா சில சமயம் வெடிக்காது, குறியும் கலையும்.

நீங்களே பார்க்கலாம். தோட்டாக்களை எடுத்துவிட்டு, சிலிண்டர் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு மூடுங்கள். ஒரு கையால் பிடியையும் மறு கையால் குழலையும் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். லொட லொட என்று ஆடினால் சுடாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள். மூடும்போது இரண்டு கையாலும் மூடுங்கள். அவ்வளவுதான்.

தோல் உறையிலேயே போட்டு வைப்பது

இதுதான் எனக்குத் தீராத எரிச்சல். இத்தனை வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

உறை என்பது துப்பாக்கியை இடுப்பில் சுமந்து போவதற்கு. வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. தோலைப் பதப்படுத்தும்போது உப்பும் அமிலமும் சேர்க்கிறார்கள், அதில் கொஞ்சம் தோலிலேயே தங்கும். அதோடு தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், குடித்ததைச் சீக்கிரம் விடாது. நீங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து உள்ளே வைத்தாலும், அந்த எண்ணெயையும் அது உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் எண்ணெய் இல்லாத இரும்பும் ஈரத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். துப்பாக்கியின் மேல் இருக்கிற கறுப்பு மினுமினுப்பைப் பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மெல்லிய ஆக்சைடு படலம். எண்ணெய் இருந்தால்தான் அது காப்பாற்றும். எண்ணெய் போனால் அதுவும் துருப்பிடிக்கும்.

நம் ஊர்க் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். குற்றாலம், செங்கோட்டை, பாபநாசம் பக்கம் ஆனியில் ஆரம்பிக்கிற சாரல். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஊருக்கும் மழை. தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையில் வருடம் முழுக்க உப்புக் காற்று. உப்பளம் வைத்திருக்கிற ஒருவருடைய பிஸ்டலை உறையிலிருந்து உருவியபோது, உட்புறத் தோலின் நிறமே சிவப்பாக மாறியிருந்தது.

இதற்கு மேல் தேர்தல். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் ஆயுதங்களைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் அறிவிப்பு வந்தது. நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கையோ ஜூன் 4. வெயிலில் கொடுத்த துப்பாக்கி சாரலில்தான் கைக்கு வந்தது. ஒப்படைக்கிற அன்று அவசர அவசரமாக உறையோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்கியதும் அப்படியே பீரோவில் வைத்தவர்கள்தான் அந்த வருடம் வரிசையாக என்னிடம் வந்தார்கள். நிலையத்திலோ கடையிலோ வாங்கி வைத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய் போடுவது அவர்கள் வேலை இல்லை.

அப்படி வந்ததில் ஒன்று அம்பாசமுத்திரம் பக்கத்து ரிவால்வர். பையன் சின்ன வயது, நல்ல மாதிரி. அவன் அப்பா வைத்திருந்த அசல் வெப்ளி.

"அண்ணாச்சி, அப்பா காலத்துல இருந்து இந்த உறையிலதான் கெடக்கு. ஒண்ணும் ஆகல" என்றான்.

"உருவி வெளிச்சத்துல பாத்தியா தம்பி?"

பார்க்கவில்லை. உருவிக் காட்டினேன். குழலின் ஒரு பக்கம் முழுக்க, உறையின் தையல் எங்கே ஓடியதோ அதே கோட்டில் துரு ஓடியிருந்தது, ஒவ்வொரு தையல் குத்துக்கும் ஒரு புள்ளி. பட்டையின் உலோகப் பொத்தான் அழுத்திய இடத்தில் பத்துப் பைசா அகலத்துக்கு ஒரு வட்டம். துடைத்தால் சிவப்பு போகும், அடியில் விழுந்த குழி போகாது. சரி, அது அழகு சம்பந்தப்பட்டது, விடுவோம் என்றால், பிடிக் கட்டைகளைக் கழற்றியதும்தான் நிஜமான சேதம் தெரிந்தது.

பிடிக்குள்ளே ஹேமரை அடிக்க வைக்கிற பெரிய ஸ்பிரிங் வி வடிவத்தில் மடிந்திருக்கும். அந்த மடிப்பின் வெளிப்புறத்தில் துரு குழி தோண்டியிருந்தது. ஹேமரை இழுக்கும்போது வி-யின் இரண்டு கால்களும் நெருங்கும், மடிப்பின் வெளிப்புறம் இழுபடும். இழுபடுகிற இடத்தில் ஒரு குழி இருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது கொஞ்சம் உள்ளே போகும். பையனிடம் சொன்னேன்: இதை இழுக்காதே, வைத்துவிட்டுப் போ, மாற்று ஸ்பிரிங் தேடுவோம். அவன் மாமா யாரோ வந்து, 'பெல்ஜியம் இரும்பு, இங்கிலீஷ் இரும்பெல்லாம் துருப்பிடிக்காதுலே' என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். நெல்லைச் சீமையில் வெளிநாட்டுத் துப்பாக்கி மேல் இப்படி ஒரு பக்தி உண்டு. 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரௌனிங் வரைக்கும் போய்விடுவார்கள். சரித்திரம் வேறு, ஸ்பிரிங் வேறு. அந்த வெப்ளியை ஆயுத பூஜைக்கு எடுத்து ஹேமரை இழுத்துப் பார்த்தபோது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டதாம். ஸ்பிரிங் இரண்டு துண்டு.

அந்த மாடலுக்குப் பாகம் தேடி அலைந்தோம். கடைசியில் எஃகுப் பட்டையை அறுத்து, அரம் போட்டு, சூடேற்றி, பதம் ஏற்றி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஆன கூலியில் நல்ல இரும்புப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கலாம். அதுவும் அசல் ஸ்பிரிங் மாதிரி வராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். துப்பாக்கியைத் துடைத்து, குழலின் உள்ளும் வெளியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, உறை இல்லாமல் தனியாக வையுங்கள். பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள், அது ஈரம் குடித்து நிரம்பினால் சூடாக்கிக் காய வைத்து மறுபடி போடலாம். கையால் தொட்ட ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு வையுங்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை பிடிக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். தேர்தலுக்கு ஒப்படைக்கிறீர்களா, எண்ணெயைச் சற்றுத் தாராளமாகவே பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். உறையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடையுங்கள். சுடுவதற்கு முன் குழலுக்குள் இருக்கிற எண்ணெயைத் துணி விட்டு எடுத்துவிட வேண்டும், மறக்காதீர்கள்.

தோட்டாவையும் தோல் பெல்ட்டில் செருகி வைக்காதீர்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிடும், அப்புறம் சிலிண்டருக்குள் போகாது, போனால் வெளியே வராது.

தேங்காய் எண்ணெய்

கூடவே கூடாது. குளிரில் உறைந்து உள்பாகங்களைப் பிடித்துக்கொள்ளும், நாளானால் சிக்கு வாடை அடித்துக் கெட்டுப்போகும். நல்லெண்ணெயும் கூடாது, நாளாக நாளாகக் காற்றுப் பட்டுப் பிசினாகி ஒட்டிவிடும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் எவ்வளவோ மேல்.

எண்ணெயைக் குளிக்க ஊற்றுவது

வேண்டாம் என்றால் ஒரு சொட்டும் விடமாட்டார்கள், போடு என்றால் வழிய வழிய ஊற்றுவார்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஆடிக் காற்றில் தேரி மண் எப்படிப் பறக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிவப்புத் தூள் மிகப் பொடியானது, பெரும்பாலும் மணல் சத்து. எண்ணெயில் ஒட்டினால் இரும்பைத் தேய்க்கிற பசையாகிவிடும். சிலிண்டரைச் சுற்றிவிடுகிற சின்னக் கொக்கி, அதன் பல் சக்கரம், பிஸ்டல் என்றால் மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம் எல்லாம் தேயும். அசையும் இடத்தில் ஒரு சொட்டு, மீதி இடத்தில் துணியால் துடைத்த படலம். அதற்கு மேல் வேண்டாம்.

தோட்டாவுக்கு எண்ணெய் போடவே கூடாது. பின்பக்கம், அடிபட்டதும் தீப்பற்ற வைக்கிற பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காமல் போகும்.

வெள்ளத்தில் நனைந்ததைக் காயட்டும் என்று விடுவது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையில் பீரோவோடு முழுகிய துப்பாக்கிகள் பிறகு வந்தன. தண்ணீர் வடிந்ததும் வெயிலில் காய வைத்தவர்கள் துப்பாக்கிதான் கெட்டுப்போயிற்று. உள்ளே புகுந்த வண்டல் அப்படியே இறுகி, அதன் அடியில் ஈரம் தங்கி, துரு பிடித்துவிட்டது. முழுகிய துப்பாக்கியை முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆமாம், தண்ணீரில்தான். சேறு போன பிறகு உடனே துடைத்து, காற்றடித்து உலர்த்தி, ஈரத்தைத் தள்ளுகிற ஸ்பிரே அடித்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஸ்பிரே ஆவியாகிவிடும், அதையே எண்ணெயாக நினைத்து விட்டுவிடக் கூடாது. நனைந்த தோட்டாக்களைக் காய வைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். விவரம் சொல்லிக் கடையிலோ நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.

வெறும் துப்பாக்கியைச் சொடுக்கி விளையாடுவது

கிளப்பில் .22 பிஸ்டல் சுடுகிற பிள்ளைகளுக்கு இது முக்கியம். .22 தோட்டாவை விளிம்பில்தான் அடிக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லாவிட்டால் அதை அடிக்கிற ஊசி நேராகக் குழலின் பின்வாய் விளிம்பில் போய் அடிக்கும். அங்கே பள்ளம் விழும், ஊசி முனையும் மழுங்கும். சொடுக்கிப் பழக வேண்டுமென்றால் அதற்கென்று விற்கிற போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். சில பந்தயப் பிஸ்டல்களில் வெறும் பயிற்சிக்கு வசதி கொடுத்திருப்பார்கள், கூட வந்த புத்தகத்தைப் படியுங்கள். பழைய .32 ரிவால்வர்களில் ஊசி ஹேமரிலேயே இருக்கும். உடைந்தால் செலவு அதிகம்.

மேகசினைத் தரையில் விடுவது

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலுக்குள் செருகுகிற பெட்டி. அதன் வாய் விளிம்பு வளைந்தால் பிஸ்டல் சிக்கும். குறட்டால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

லேத் பட்டறையில் கொடுப்பது

சட்டப்படி குற்றம். வெல்டிங் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும்.

'டப்' என்று மெலிதாகக் கேட்டும் அடுத்ததைச் சுடுவது

பழைய தோட்டாவில் மருந்து ஈரமாகியிருந்தால் குண்டு பாதிக் குழலிலேயே நின்றுவிடும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால், கை உதைப்பை உணராவிட்டால், அங்கேயே நிறுத்துங்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி அரை நிமிடம் பொறுங்கள், பிறகு தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் கம்பி விட்டுக் குத்தாமல் அப்படியே கொண்டுவாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். அதன் மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் நடுவில் வீங்கிவிடும், சில சமயம் வெடித்துக் கையையும் பதம் பார்க்கும். வீங்கிய குழலைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றுக் குழலுக்குத்தான் அலைய வேண்டும்.