பழைய கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டு: சொருக முடிவதெல்லாம் சரியல்ல

டிரைவர் போடுங்கள், ஸ்லாட்டில் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அந்த மாதிரித் தவறுகள் அரைமணி நேரத்தில் தாமாகவே தெரிந்துவிடும். கையைச் சுடுபவை வேறு. புதிதாகக் கார்டு மாற்றுகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே குழிகளில்தான் விழுகிறார்கள். உள்ளே போகிறது, பொருந்துகிறது, அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்புதான் பாதிக்கு மேல் காரணம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) இல்லாத கேபிளை அடாப்டரால் வரவழைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இது. தவறு செய்வதற்கான சாமானைக் கடையிலேயே விற்கிறார்கள், சில நேரம் கார்டு வரும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே போட்டும் தருகிறார்கள். வாங்குகிறவர் என்ன நினைப்பார்? கொடுத்திருக்கிறார்கள், மாட்டலாம் போலிருக்கிறது என்றுதான்.

கார்டு ஒன்று ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் அதன் விளிம்பில் 6 பின் கனெக்டரோ 8 பின் கனெக்டரோ இருக்கும். 6 பின் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் 150 வாட் தரும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கேபிளே இல்லையென்றால், "இந்தச் சுமைக்கு என்னைச் செய்யவில்லை" என்று அது சொல்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டர் போடுவது அதன் வாயை அடைப்பது.

ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையிலிருந்து 6 பின்னாக மாற்றும் அடாப்டர்தான் மிக மோசம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பவை 3 மெல்லிய பின்கள். ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்ட் டிஸ்க்குக்கு இது தாராளம். 75 வாட் கேட்கும் வாயில் அதைக் கொண்டுபோய்ச் சொருகினால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. சில வாரம் கழித்து பிளாஸ்டிக் தீயும் வாடை வரும். கழற்றிப் பார்த்தால் கறுப்பு உறையில் பின்களைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, உருகி, ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தவறு லேபிளைத் தப்பாகப் படிப்பது. "500 வாட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கிறது, போதும்" என்பார்கள். அந்த 500 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய யூனிட்டுகளில் கணிசமான பங்கு 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் குடிப்பதோ 12 வோல்ட்டை. லேபிளில் 12 வோல்ட் இரண்டு கட்டங்களாக, ஒன்றில் 16 ஆம்பியர், மற்றதில் 15 ஆம்பியர் என்று இருக்கிறதென்று வையுங்கள். கூட்டினால் 31 ஆம்பியர், 372 வாட். ஆனால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 300 வாட் என்று இருக்கும். அதுதான் உண்மையான கணக்கு: 25 ஆம்பியர்.

இப்போது செலவைப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட். ஐ5-2400 போன்ற பிராசசருக்கு 95. மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 277 வாட், ஏறத்தாழ 23 ஆம்பியர். காகிதத்தில் 25-க்குள் அடங்குகிறது. ஆனால் கார்டு எப்போதும் சீராக இழுக்காது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு அறிவித்த அளவைத் தாண்டி எகிறும். பத்து வருடம் ஓடிக் கெப்பாசிட்டர் தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ் அந்த எகிறலில்தான் படுத்துவிடும்.

அறிகுறி ஏமாற்றும். டெஸ்க்டாப் ஓடும், வீடியோ ஓடும், கேம் மெனுவும் வரும். ஆட்டம் லோடாகிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். உடனே டிரைவரை மாற்றுவார்கள், விண்டோஸை மறுபடி போடுவார்கள், கார்டு பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கர்னல்-பவர் 41' என்ற பதிவு வரிசையாக இருந்து, ஆட்டத்தின்போது மட்டுமே இது நடக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான்.

வழி இரண்டுதான். 12 வோல்ட்டில் தனியாக 35 ஆம்பியராவது தருகிற, 6+2 பின் கேபிள் தன்னிடமே உள்ள புதிய எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். அல்லது கனெக்டரே கேட்காத கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடும். ஜிடிஎக்ஸ் 1650-ம் 75 வாட் கார்டுதான், ஆனால் சில மாடல்களில் 6 பின் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் பார்க்காமல் கார்டின் விளிம்பையும் படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கம்பெனி அசெம்பிள் செய்த மெஷின் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் மதர்போர்டு கனெக்டரும் வழக்கமானவைதானா என்று முதலில் திறந்து பாருங்கள். பல மெஷின்களில் வெளியே கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது.

வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளைப் போடுவது

போடாதீர்கள். மாடுலர் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டும் கேபிள். அதன் எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே ஒரு தடவை ஆன் செய்தாலே டிஸ்க் போய்விடலாம்.

லேன் எண்ணிக்கையைப் பார்க்காமல் விலை குறைந்த புதிய கார்டை எடுப்பது

பழைய மெஷின்காரர்களுக்கென்றே வைத்த பொறி மாதிரி இருக்கும் இது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டும் நீளமான ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் உள்ளே இணைந்திருப்பவை 4 லேன்கள் (தரவு ஓடும் பாதைகள்) மட்டுமே. ஸ்லாட்டின் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஆக உள்ள போர்டில் அது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. 3.0 போர்டில் 4 ஜிபி. இரண்டாம் தலைமுறை கோர் ஐ5, ஐ7 மெஷின்களில் இருக்கும் 2.0-வில் வெறும் 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பாதவரை பெரிதாகத் தெரியாது. நிரம்பியதும் டெக்ஸ்சரெல்லாம் அந்தக் குறுகிய சந்து வழியாக ராமிலிருந்து வர வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) ஓரளவு இருந்தாலும் திரும்புகிற இடமெல்லாம் திக்கும்.

3.0 தலைமுறையின் 16 லேன் கார்டுகளான ஜிடிஎக்ஸ் 1650, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் போன்றவை இந்த மெஷின்களில் நிம்மதியாக ஓடும். 8 லேன் கார்டுகளும் 3.0-வில் பெரும்பாலும் சமாளித்துவிடும். மாட்டிய பிறகு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரியைப் பாருங்கள், ஆனால் கார்டு வேலை செய்யும்போது பாருங்கள். சும்மா இருக்கையில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அது 1.1 என்று காட்டும், பயந்துவிடாதீர்கள். மதர்போர்டில் இரண்டு நீள ஸ்லாட்டுகள் இருந்தால் பிராசசருக்கு அருகில் இருப்பதில்தான் மாட்ட வேண்டும். கீழே இருப்பது பல போர்டுகளில் பெயருக்குத்தான் நீளம், லேன் நாலே நாலு.

மெதுவாக ஓடுவதற்குக் கார்டுதான் காரணம் என்று முடிவு கட்டுவது

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம், காசு செலவில்லை. இப்போதைய கார்டிலேயே கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் அதே எண்ணில் நின்றால் பிராசசரோ ராமோ பிடித்து இழுக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் எஃப்பிஎஸ் எண் அங்கேயேதான் நிற்கும். ஒற்றை ராம் குச்சியோடு ஓடும் மெஷினில் அதே அளவில் இரண்டாவதைச் சேர்த்து டூயல் சேனல் ஆக்கினாலே சில ஆட்டங்களில் திக்கல் குறையும்.

இன்டெல் ஆர்க்

விலைக்கு நல்ல கார்டுதான். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடுவது) வசதி இல்லாத போர்டில் வேகம் பலமாக அடிவாங்கும். பத்தாம் தலைமுறை கோர், ரைசன் 3000 ஆகியவற்றுக்கு முந்தைய மெஷின்களுக்கு இன்டெல்லே இதைப் பரிந்துரைப்பதில்லை.

பயாஸைக் கடைசியில் நினைப்பது

புதிய கார்டில் திரையே வரவில்லை என்றால் பழைய கார்டை மறுபடி மாட்டித்தான் பயாஸை (மதர்போர்டை முதலில் எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். பழைய கார்டு உள்ளே இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

நீளத்தை மட்டும் அளப்பது

ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்கும் அளப்பார்கள், உயரத்தை விட்டுவிடுவார்கள். பவர் கேபிள் வளைந்து திரும்பக் கார்டுக்கு மேலே 3 செ.மீ. இடம் வேண்டும். தடிமனான கார்டு மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளை மறைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

விஜிஏ மானிட்டர்

விஜிஏ-வுக்கு அனலாக் சிக்னல் வேண்டும், ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அதுவே கிடையாது. டிவிஐ-யில் சொருகும் மலிவு கன்வெர்ட்டர் உதவாது, உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் அடாப்டர் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார்டைப் பெயரை நம்பி வாங்குவது

ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது நெடுநாளாக நடக்கிறது. விண்டோஸ் அந்தப் பொய்ப் பெயரை அப்படியே காட்டும். 1050 டிஐ என்று சொல்லி விஜிஏ போர்ட்டோடு நீட்டினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் இப்படிப்பட்ட போலிகளில் பலவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுவிடும். கார்டு மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் திரையைக் காட்டத் தயங்குகிறவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.