பக்கத்தில் விழும் இடியிலிருந்து வீட்டு வயரிங்கைக் காப்பது எப்படி?

வீட்டின் மேலேயே இடி விழுந்தால்தான் டிவி போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு தென்னையில் விழுந்தாலே போதும். மின்னல் பாயும் சில மைக்ரோ விநாடிகளில் சுற்றிலும் காந்தப்புலம் படாரென்று ஏறுவதால், வயர் எங்கெல்லாம் பெரிய வளையமாகச் சுற்றி ஓடுகிறதோ அங்கெல்லாம் வோல்டேஜ் தூண்டப்படும். கம்பத்திலிருந்து லைன் வழியாக வருவது தனி. எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), ஸ்டெபிலைசர் எதுவும் இதைத் தடுக்காது, அவை அசைவதற்குள் கதை முடிந்துவிடும். இடிதாங்கியும் கட்டடத்தைத்தான் காக்கும், கருவிகளை அல்ல.

முதலில் எர்த்தைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கு ஒரு குழி, டிஷ்ஷுக்கு ஒரு கம்பி, மெயின் போர்டுக்கு வேறு ஒன்று என்று தனித்தனியாக விட்டிருந்தால், இடி விழும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வோல்டேஜில் நிற்கும், அந்த வித்தியாசம் பாயும் வழி உங்கள் டிவிதான். எத்தனை குழி இருந்தாலும் எல்லாவற்றையும் மெயின் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எஸ்பிடி, அதாவது சர்ஜ் (திடீரென்று எகிறும் வோல்டேஜ்) வந்ததும் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. சாதாரண வீட்டுக்கு எம்சிபிகள் இருக்கும் மெயின் டிபி பாக்ஸில் டைப் 2 (தள்ளி விழும் இடியின் சர்ஜுக்கானது) போதும். மாடியில் இடிதாங்கி இருந்தால் மெயினில் டைப் 1 (நேரடி இடியின் கரண்டையும் தாங்குவது) வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்தது. நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் 320 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள், பாதுகாப்பு அளவு, அதாவது சர்ஜின்போது அது கருவிக்கு விடும் வோல்டேஜ், 1.5 கிலோவோல்ட்டோ அதற்குக் குறைவோ இருக்கட்டும். வீட்டு எர்த் குழியை மட்டும் நம்பியிருக்கும் இடங்களில் ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு பாதுகாப்புப் பகுதி, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என்று வரும் மாடல்தான் சரி.

இனி சொல்வதுதான் முக்கியம், பெரும்பாலும் கோட்டை விடுவதும் இங்கேதான். எஸ்பிடிக்குப் போகும் வயரும் அதிலிருந்து எர்த் பாருக்கு (எர்த் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) போகும் வயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். 10 கிலோஆம்பியர் சர்ஜ் பாயும்போது ஒரு மீட்டர் வயரிலேயே ஏறத்தாழ 1000 வோல்ட் நிற்கும், அது எஸ்பிடியின் அளவோடு கூடிக் கருவிக்குப் போகும். விலை உயர்ந்த பெட்டியை வாங்கி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வயரை வளைத்து நெளித்துக் கட்டினால் காசு வீண். எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

புது வீடு கட்டுபவர்களுக்கு இன்னொன்று. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே பைப்பில் ஓடட்டும். டிவிக்கு கரண்ட் ஒரு சுவர் வழியாகவும் கேபிள் எதிர்ச்சுவர் வழியாகவும் வந்தால் நடுவில் ஹால் அளவுக்கு வளையம் உருவாகும். இரண்டும் வீட்டுக்குள் ஒரே பக்கமாக நுழைந்து அருகருகே போவது நல்லது. இடிதாங்கியிலிருந்து இறங்கும் பட்டைக்குப் பக்கத்தில் எந்த வயரும் இணையாக ஓடக் கூடாது.

டிஷ் கேபிளுக்கும் செம்பு நெட்வொர்க் லைனுக்கும் தனித்தனி எஸ்பிடி உண்டு. ஃபைபர் இழை வழியே சர்ஜ் வராது, ஆனால் அதோடு வரும் இரும்புக் கம்பியை வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். சோலார் இருந்தால் டிசி பக்கத்துக்கும் (பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை) எஸ்பிடி வேண்டும்.

எஸ்பிடியின் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அதன் கார்ட்ரிட்ஜை (கழற்றி மாற்றும் உள்பகுதி) மாற்ற வேண்டும். அப்புறம், எஸ்பிடி இருந்தாலும் மேகம் கறுக்கும்போதே டிவி, மோடம் பிளக்குகளையும் அவற்றின் கேபிளையும் கழற்றிவிடுங்கள்; இடி இடிக்க ஆரம்பித்த பிறகு அவற்றில் கை வைக்காதீர்கள்.