ஜிஹாது பற்றி ஒருவர் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது

ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் மண்டபம் ஊரில் வலை, கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு விற்கும் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை என்று எல்லா ஊர் ஆட்களும் வருவார்கள். நூல் சிக்கைக் கையில் வைத்துப் பார்த்தபடியே சிலர் போனை நீட்டுவார்கள்: "மாமா, உங்க குர்ஆன்ல இப்படியா போட்டிருக்கு?" திரையில் ஒரு வசனத் துண்டு, அதன் கீழே ஒரு வாள் படம். கீழக்கரையிலோ தொண்டியிலோ பெரியபட்டினத்திலோ இருக்கும் நம் பிள்ளைகளையும் இந்தக் கேள்வி தேடி வரும். கேட்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர், ஒரே படகில் போகிறவர். அவருக்கு ஒழுங்கான பதில் சொல்வது நம் கடமை.

முதலில் போனை வாங்கி நிதானமாகப் படியுங்கள். "எங்கள் வேதத்தில் அப்படியெல்லாம் கிடையாது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இருக்கிறது. பகரா சூராவின் (குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம்) 191ஆம் வசனத்தில் "அவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்று வருகிறது. இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

அடுத்ததாக, உங்கள் போனிலேயே தமிழ்த் தர்ஜுமாவை (மொழிபெயர்ப்பை) திறந்து 190இலிருந்து 193 வரை அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிப்பதைவிட அவர் வாசிப்பது நல்லது. "உங்களோடு போர் செய்கிறவர்களோடு நீங்களும் போர் செய்யுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள், வரம்பு மீறுகிறவர்களை அல்லாஹ் நேசிப்பதில்லை" என்று 190 சொல்கிறது. 'அவர்கள்' யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். முஸ்லிம்களை மக்காவிலிருந்து விரட்டி, ஆயுதத்தோடு வந்தவர்கள். அவர்கள் நிறுத்திக்கொண்டால் அல்லாஹ் மன்னிக்கிறவன் என்று 192 முடிகிறது. துண்டை வெட்டியவர் மேலேயும் கீழேயும் இருந்ததை விட்டுவிட்டார்.

இன்னொரு துண்டும் அடிக்கடி வரும். தவ்பா சூராவின் 5ஆம் வசனம், இணைவைப்பவர்களை (அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் வணங்குகிறவர்களை) கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்பது. அதற்கும் இதே வழிதான். 4ஆம் வசனம், உடன்படிக்கையைக் காப்பாற்றியவர்களோடு நீங்களும் அதைக் காப்பாற்றுங்கள் என்கிறது. 6ஆம் வசனம், இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. 628இல் ஹுதைபிய்யாவில் மக்காவின் குறைஷிக் குலத்தாரோடு செய்த ஒப்பந்தம் பிறகு முறிந்தது, 630இல் மக்கா வெற்றி, அதற்குப் பிறகு இறங்கியது இந்தச் சூராவின் பெரும்பகுதி. பழைய தஃப்சீர்காரர்களில் (குர்ஆனுக்கு விளக்கவுரை எழுதியவர்களில்) சிலர் 5ஆம் வசனத்தை இதைவிட விரிவாக எடுத்துக்கொண்டதும் உண்டு. யாராவது அதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனாலும் 6ஆம் வசனம் அங்கேயேதான் இருக்கிறது.

ஜிஹாது என்றால் பாடுபடுதல் என்ற விளக்கத்தை ஒரு வரியில் சொல்லி விட்டுவிடுங்கள். அதிலேயே நின்றால் நழுவுகிறீர்கள் என்று நினைப்பார். அதைவிட ஒரு சம்பவம் சொல்லுங்கள். ஒருவர் ஜிஹாதுக்குப் போக அனுமதி கேட்டு நபிகளிடம் வருகிறார். "உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?" "ஆம்." "அப்படியானால் அவர்களுக்காக ஜிஹாது செய்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது. அநியாயக்கார அரசன் முன்னால் நியாயம் பேசுவது சிறந்த ஜிஹாது என்று சொல்லும் ஹதீஸும் உண்டு. "சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்" என்று நபிகள் சொன்னதாகப் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்டிருப்பீர்கள். அதை ஆதாரமாக வைக்க வேண்டாம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று பைஹகி இமாமே சொல்லிவிட்டார். "தன் நஃப்ஸோடு (மன இச்சையோடு) போராடுகிறவனே முஜாஹித் (ஜிஹாது செய்கிறவன்)" என்ற திர்மிதி ஹதீஸ் இருக்கும்போது பலவீனமானது எதற்கு?

அதே நேரம், ஃபிக்ஹு கிதாபுகளில் (மார்க்கச் சட்ட நூல்களில்) ஜிஹாதுப் பாடம் பெரும்பாலும் போரைப் பற்றித்தான். அதையும் சொல்லுங்கள். அந்தப் பாடத்தில் போருக்குப் போட்ட வேலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொல்ல நபிகள் தடுத்தார்கள். ஷாம் நாட்டுக்கு (இன்றைய சிரியாப் பக்கம்) படை அனுப்பும்போது அபூபக்ர் கலீஃபா தளபதியிடம் சொன்னவை மாலிக் இமாமின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கின்றன: முதியவரைக் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, தின்பதற்குத் தவிர ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதே, வழிபாட்டுக்காக ஒதுங்கி இருக்கும் துறவிகளை விட்டுவிடு.

மிகக் கஷ்டமான கேள்வி கிறிஸ்தவர்கள் நிறைய இருக்கும் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான் வரும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும், ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இங்கிருந்து படகேறிப் போகிற ஜனங்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள்? அவர்களில் ஒருவர், "பாய், இதுக்குப் பேர்தானே ஜிஹாது?" என்று கேட்டால் ஹதீஸ் எடுத்துச் சொல்ல ஓடாதீர்கள். முதலில் துக்கம் விசாரியுங்கள். அங்கே உறவு யாரும் உண்டா என்று கேளுங்கள். "அவங்க முஸ்லிமே இல்லை" என்ற ஒற்றை வரியும் வேண்டாம். செய்தவர்கள் முஸ்லிம் பெயரோடு, மார்க்கத்தைச் சொல்லித்தான் செய்தார்கள். செய்தது ஹராம், மார்க்கம் தடுத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். குண்டு வைத்தவர்களின் உடல்களைப் பள்ளிவாசல் மையவாடிகளில் (அடக்கம் செய்யும் இடங்களில்) ஏற்க மாட்டோம் என்று இலங்கையின் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சபை அறிவித்ததையும் சொல்லலாம்.

அப்புறம் ஹஜ் சூராவின் 39, 40ஆம் வசனங்களைக் காட்டுங்கள். மக்காவில் அடிபட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குத் திருப்பிப் போரிட முதன்முதலாக அனுமதி கொடுத்த வசனங்கள் இவை என்பது பெரும்பாலான தஃப்சீர்காரர்களின் கருத்து. அநியாயக்காரர்களை அல்லாஹ் தடுக்காவிட்டால் மடங்களும், தேவாலயங்களும், யூத ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டுப் போயிருக்கும் என்கிறது 40. தேவாலயத்தின் பெயர் பள்ளிவாசலுக்கு முன்னால் வருகிறது. இதை ஓதுகிற ஒருவன் அந்தோனியார் கோயிலுக்குள் குண்டோடு போனான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. இந்த வசனத்தை நம் ஓதுபள்ளிகளில் அர்த்தத்தோடு பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டும்.

"ஏர்வாடியில் அடங்கியிருக்கும் பாதுஷாவே போரில் ஷஹீதானவர்தானே?" என்றும் சிலர் கேட்பார்கள். ஆமாம், போரில் உயிர் கொடுத்தவர்தான் என்று சொல்லுங்கள், மரபு அப்படித்தான் சொல்கிறது. அந்தத் தர்காவுக்கு இந்துக்களும் நேர்ச்சையோடு வருகிறார்கள். வேதாளைக் கரையில் 1538இல் மரக்காயர் படை போர்ச்சுக்கீசியரோடு மோதித் தோற்றதும் நடந்ததுதான். பழைய போர்களை இன்றைய பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டக்கூடாது, அவ்வளவுதான்.

கேட்பவர் நம் பையனாகவே இருந்தால், அவன் போனில் யாரோ ஒருவன் ஆயுதம் தூக்கக் கூப்பிடும் வீடியோ ஓடினால், கத்தாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேறு போனில் பார்ப்பான். உட்காரவைத்து அவன் மத்ஹபிலேயே (அவன் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியிலேயே) கேளுங்கள். நம் கரையில் நிறையப் பேர் ஷாஃபி. ஷாஃபி ஃபிக்ஹில் ஜிஹாது இமாமின், அதாவது ஆட்சித் தலைவரின் பொறுப்பு. வீடியோக்காரனை யார் இமாம் ஆக்கினார்கள்? தாய் தகப்பன் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. கெடு வந்த கடனை வைத்திருக்கிறவன் கடன் கொடுத்தவரிடம் கேட்காமல் கிளம்பக்கூடாது. "நாட்டுக்குள் எதிரி புகுந்தால் இந்த அனுமதி எதுவும் தேவையில்லையே" என்று அவன் படித்ததைச் சொல்வான். சரி, ஆனால் நாம் ஒப்பந்தத்தோடு, பாதுகாப்போடு வாழும் நாடு இது. மார்க்கத்துக்காக உதவி கேட்கும் முஸ்லிம்களுக்குக்கூட, நீங்கள் ஒப்பந்தம் செய்திருக்கும் மக்களுக்கு எதிராக உதவக்கூடாது என்று அன்ஃபால் சூராவின் 72ஆம் வசனம் சொல்கிறது. அதை அவனிடம் காட்டுங்கள்.

அன்று இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கூட்டிப்போய், மீதிக் கேள்விகளை அவனே கேட்கட்டும் என்று விடுங்கள். தெரியாத நம்பரிலிருந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற ஆள் யாராவது இருந்தால், அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே வாப்பாவிடமும் ஜமாஅத் தலைவரிடமும் சொல்லுங்கள். போலீசுக்கும் சொல்லத் தயங்காதீர்கள்.