பேசாம இருக்கற குழந்தை கையில கொஞ்சம் களிமண் குடுத்துப் பாருங்க

நம்ம தர்மபுரி பக்கம் அப்பா அம்மா பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு பிள்ளைங்க பாட்டி வீட்ல வளர்றது நிறைய இருக்கு, எங்க அக்கா பையனும் அப்படித்தான், பாலக்கோட்டுல எங்கம்மாகிட்ட இருக்கான், ஆறு வயசு. கொஞ்ச நாளா யாரு கேட்டாலும் பதிலே இல்ல, ராத்திரி படுக்கைய நனைக்கறான், "என்னடா ஆச்சு"ன்னு கேக்க கேக்க இன்னும் சுருண்டுக்கிட்டான்.

அப்புறம் ஏரி களிமண்ண கல்லு பொறுக்கி பிசைஞ்சு வச்சுக்கிட்டு (கேழ்வரகு மாவு கூட போதும்) தினமும் சாயங்காலம் இருபது நிமிஷம் அவன்கூட தரையில உக்காந்தேன். ஒரு பஸ் செஞ்சான், நசுக்கினான், திரும்ப செஞ்சான். நாலாவது நாள் "இந்த பஸ்லதான் அம்மா போச்சு"ன்னான். எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

முக்கியமா, என்ன செய்யணும்னு நீங்க சொல்லாதீங்க, அழகா இருக்குன்னு மார்க்கும் போடாதீங்க, "பஸ்ஸ நசுக்கிட்ட, கோவமா இருக்கு போல"ன்னு கண்ணுல பட்டத மட்டும் சொல்லுங்க. குழந்தை முன்னாடி போகணும், நாம பின்னாடி போகணும்னு விர்ஜினியா ஆக்ஸ்லைன்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1947லயே எழுதிட்டாங்க. ஃபோன் தூர இருக்கட்டும், நேரம் மாறாம இருக்கட்டும்.

இது வீட்டு விளையாட்டுதான், தெரபி இல்ல. சில வாரம் ஆகியும் தூக்கம் சாப்பாடு சரியாகலன்னா, தன்னையே அடிச்சுக்கிட்டா, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மனநல டாக்டர பாருங்க, டெலிமானஸ்ங்கற கவர்மென்ட் மனநல உதவி ஃபோன் 14416ல தமிழ்லயே ஃப்ரீயா பேசலாம். யாராவது அடிக்கறாங்க, தொந்தரவு பண்றாங்கன்னு சந்தேகம் வந்தா உடனே குழந்தைங்க உதவி எண் 1098க்கு ஃபோன் பண்ணுங்க.