மலையிலிருந்து மீட்புக் குழுவை எப்போது அழைக்க வேண்டும், எப்போது வேண்டாம்

மலை மீட்புக் குழுவோடு போய் வருபவன் நான். கால் ஒடிந்தவரைத் தூக்கி வருவதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. என்னை வருத்துவது வேறு வகை அழைப்பு. "இருட்டிவிட்டது, டார்ச் இல்லை, காலெல்லாம் வலி, யாராவது வந்து கூட்டிப் போங்கள்." அவருக்குக் காயம் எதுவும் இருக்காது. ஆனால் அவருக்காகப் பல பேர் இரவில் வழுக்குப் பாறையில் ஏற வேண்டும். பல நாடுகளில் இந்தக் குழுக்களில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதே இரவில் இன்னொரு சரிவில் ஒருவர் விழுந்து கிடந்தால் அவரிடம் போக ஆள் குறைந்துவிடும்.

இந்த அழைப்புக்கான காரணம் பெரும்பாலும் காலையிலேயே உருவாகிவிடுகிறது. அதனால் முதலில் நேரக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். ஆனால் இது ஓய்வே எடுக்காமல் நடக்கும் பழகிய காலுக்கானது. புதியவர்கள் ஒன்றரை மடங்காக்கி 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

அப்புறம், சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மாலை 6 மணிக்கு இருட்டும், இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும், கைவசம் ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்றால், மதியம் 2 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்தான். இந்த நேரத்தைக் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். களைத்துப்போன பிறகு மேலே நின்று எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் பேசவில்லையென்றால் தேடச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

பையைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்காதது ஹெட்லாம்ப், அதாவது தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் ஆளுக்கு ஒன்று வேண்டும், மாற்று பேட்டரியோடு. கைப்பேசியின் வெளிச்சம் போதாது. அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், உதவிக்குப் பேச வேண்டிய சார்ஜையும் தின்றுவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதில் காற்றும் ஈரமும் சேர்ந்தால் பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு கம்பளி அல்லது ஃபிளீஸ் உடை, மழைக்கான மேலாடை, தண்ணீர், கூடுதலாக ஒரு வேளை சாப்பாடு, விசில், பவர் பேங்க். வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி முதல் நாளே இறக்கி வைத்துவிட்டு, நடக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கைப்பேசியை உடம்பை ஒட்டி வையுங்கள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வழி தவறிவிட்டது. உடனே எண்ணை அழுத்தாதீர்கள். உட்காருங்கள். பையில் இருக்கும் கம்பளி உடையைப் போட்டுக்கொண்டு எதையாவது சாப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் தலை தெளியும். பாதை உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிப் போக முடியுமா என்று பாருங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்பதை நம்பாதீர்கள். பல ஓடைகள் அருவியில் போய் முடியும். உடம்பு நனையாமல், கதகதப்பாக, காயமின்றி இருந்தால் விடியும்வரை அங்கேயே இருப்பது இருட்டில் தடுமாறுவதைவிட நல்லது. சிக்னல் இருந்தால் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள், அவர்கள் பதறித் தேடச் சொல்லாமல் இருக்க.

2025 ஏப்ரலில் ஜப்பானின் ஃபூஜி மலையில், மலையேற்றக் காலம் தொடங்கும் முன்பே ஏறிய ஒருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். மேலே விட்டுவந்த கைப்பேசியையும் மற்ற பொருள்களையும் எடுக்க நான்கே நாளில் அவர் மறுபடி ஏறினார்; உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் கண்டதாகச் சந்தேகம் எழுந்து, மறுபடியும் மீட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அவரை விட்டிருக்கலாமே என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. உயிர் போகும் நிலையில் இருப்பவரை மீட்கத்தான் வேண்டும். தவறு அவர் மறுபடி ஏறக் கிளம்பியதில் இருக்கிறது.

அதனால் இதையும் அழுத்திச் சொல்கிறேன்: தேவை இருக்கும்போது தயங்காதீர்கள். காலை ஊன்றவே முடியவில்லை, தலையில் அடிபட்டு வாந்தியோ குழப்பமோ வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, குளிரில் நடுங்கியவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறுகிறார், கூட வந்தவரைக் காணவில்லை என்றால் உடனே அழையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே அழையுங்கள். இருட்டிலும் மேகத்திலும் ஹெலிகாப்டர் வருவது கடினம்.

போகும் பகுதியின் அவசர எண்ணை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அது 112. பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள், வரைபடச் செயலியில் காட்டும் ஜிபிஎஸ் எண்களோடு. எத்தனை பேர், என்ன காயம், என்ன நிற உடை, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பது அடுத்து. அழைத்த பிறகு அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். சிக்னல் இல்லையென்றால் விசிலோ விளக்கோ: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள். ஹெலிகாப்டர் தெரிந்தால் இரு கைகளையும் மேலே விரித்துத் தூக்குங்கள். அதற்கு 'உதவி வேண்டும்' என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் 'வேண்டாம்'. உற்சாகத்தில் இரு கைகளையும் ஆட்டிவிடாதீர்கள்.

அழைத்த பிறகு வழி கிடைத்து நீங்களே இறங்கிவிட்டீர்களா? காருக்குள் ஏறும் முன் அதே எண்ணுக்குப் பேசி, பத்திரமாக வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அந்தத் தகவல் வரும்வரை நாங்கள் மேலே தேடிக்கொண்டே இருப்போம்.