மாமியின் ஊரை வாட்டர் கலரில் வரைவது

என் மாமியார் யாழ்ப்பாணத்துக்காரர், நான் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் பிறந்த வீட்டை வரைந்து கொடுத்தபோது, "வடிவா இருக்குப் பிள்ளை, ஆனா இது எங்கட ஊர் இல்லை" என்றார். தென்னையும் ஆறும் பச்சை வயலுமாக என் ஊரைத்தான் போட்டிருக்கிறேன்! யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையில் ஊறும் கிணற்றுத் தண்ணீர்தான்.

அதனால் பென்சிலை எடுக்கும் முன் கேளுங்கள். "ஊர் எப்படி இருக்கும்?" என்றால் "நல்லா இருக்கும்" என்பதோடு நின்றுவிடும். படலையை (வேலிக் கதவை) திறந்தால் இடது பக்கம் என்ன, கிணறு எங்கே, காலை வெயில் எந்தச் சுவரில் விழும் என்று கேட்க வேண்டும். மாமி சொல்லச் சொல்ல, கிணற்றை மட்டும் மூன்று முறை அழித்து இடம் மாற்றினேன்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, சொரசொரப்பான தாள் எடுங்கள். வானத்தை மெல்லிய நீலத்தில் முடித்து, நன்றாகக் காயவிடுங்கள்.

அப்புறம் பனை. தென்னங்கீற்று இறகு மாதிரி நீளும், பனையோலை விசிறி மாதிரி விரியும். இதில் தவறினால் ஊரே மாறிவிடும். தலையை ஓர் உருண்டையாக நினைத்து, நடுவிலிருந்து வெளியே இழுங்கள். சில ஓலைகளைப் பக்கவாட்டில் ஒடுக்கமாகக் காட்டுங்கள், எல்லாமே நம்மைப் பார்த்து விரிந்து நிற்காது. ட்யூப் பச்சையை அப்படியே போடாமல் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்தால் வெயில்பட்ட பச்சை கிடைக்கும். கழுத்தடியில் இரண்டு மூன்று காவோலைகளை (காய்ந்த ஓலைகளை) பழுப்பில் தொங்கவிடுங்கள். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அடிமரத்துக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த கருஞ்சாம்பல். அந்த நீலம் தாளின் குழிகளில் பொடியாகத் தங்கி, பட்டையின் சொரசொரப்பைத் தானாகவே தரும்.

செம்மண்ணுக்கு லைட் ரெட்டும் (செங்கல் சிவப்பு) யெல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) போதும். வெள்ளைச் சுவரின் அடியிலும் அதையே நீர்க்கத் தடவுங்கள், வெயிலில் மண்ணின் சிவப்பு சுவரில் ஏறித் தெரியும். கிடுகு (பின்னிய தென்னோலை) வேலி பழசானால் சாம்பல் நிறம்தான், புதுசு மாதிரி மஞ்சளாக்க வேண்டாம்.

கடைசியாகக் கிணற்றுத் துலா, அதாவது தண்ணீர் இறைக்கும் நீள மரம். நீள மயிர்ப் பிரஷால், தோளிலிருந்து ஒரே இழுப்பு. கை கொஞ்சம் நடுங்கினால் அப்படியே விட்டுவிடுங்கள். மாமி வீட்டுத் துலாவும் கோணல் மரம்தானாம்.